வாவியில் ஒரு சனிக்கிழமை



ஆங்கில இலக்கியத்திலே தூண்டில் மீன்பிடியைப் பற்றி எழுந்த நூல்களுள் தலைமை பெற்றது, ஐசாக் வால்ற்றன் என்பார் 1653 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலாகும். அவர் இலண்டன் மாநகரிலே துணி வாணிகஞ் செய்தவர். உள்நாட்டுப் போரின் அல்லல் ஓய்ந்த அண்மைக் காலத்தில், ஆற்றங்கரையிலே அமர்ந்திருப்பவன் அடையும் அமைதியைப் பற்றி அவர் எழுதினார். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் கலைப் பட்டத்துக்குப் பயின்ற நாளில் அந்நூல் நூலகத்தில் என் கைக்கு வந்தது. முப்பது பக்கம் படித்திருப்பேன், மூடி வைத்துவிட்டேன். மீன்பிடிக்கப் போகின்றவன் வழியிலே நின்று பாட்டுக் கேட்பதும், மரநிழலில் இருந்து கதை பேசுவதும், கல்முனைக் கரையிற் பிறந்த எனக்கு விளையாட்டாகவே தோன்றின. எங்கள் ஊரிலும் பாட்டு உண்டுதான். ஆனால் அது கரைவலையின் பாரத்தை இருபது முப்பது பேர் பகிர்ந்து இழுப்பதற்காகப் பாடும் பாட்டு. பொழுது போவதற்காக மீன்பிடித்தவர் எவரையும் நான் இளமையிற் கண்டதில்லை.

அந்நாளில் மாணவர் சிலர் கூடி ஹோட்டன் சமவெளிக்குச் சென்றிருந்தோம். அங்குள்ள ஓடையைக் காட்டி, "இதிலே ட்ரவுட் மீன் உண்டு" என்று வழிகாட்டியவர் கூறினார். ட்ரவுட் நம் நாட்டு மீனன்று. ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் தங்கள் நாட்டு நினைவு தீராமல், 1880 ஆம் ஆண்டுகளில் அதன் முட்டைகளைக் கப்பலிலே வருவித்துப் பொரிக்கச் செய்து, நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஓடைகளில் விட்டனர். 1896 இல் அதற்கென ஒரு சங்கமும் அமைத்தனர். முதலிற் கொணர்ந்த பழுப்பு ட்ரவுட் இங்கு நன்கு பெருகவில்லை. பசிபிக் சமுத்திரத்தை அடுத்த நாடுகளுக்குரிய வானவில் ட்ரவுட்டே பின்னர் நிலைகொண்டது. நீலகிரியிலும் இக்கதை நடந்தது. ஆங்கே பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் 1860 ஆம் ஆண்டுகளிற் செய்த முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் வில்சன் என்பவர் வெற்றி கண்டார். இம்மீனைப் பிடிக்கும் முறையும் தனி. புழுவையோ இறாலையோ கோத்துப் போடுவதில்லை. இறகையும் நூலையும் கொண்டு ஈயைப்போல் ஓர் உருவஞ் செய்து, அதனைத் தூண்டிலிற் கட்டி, நீரின்மேல் ஈ வந்து அமர்வதுபோல வீசுவார்கள். ஹோட்டன் சமவெளி 1988 ஆம் ஆண்டிலே தேசிய வனமாயிற்று. நாங்கள் சென்ற அன்று அவ்வோடையில் ஒரு மீனையும் யான் காணவில்லை. குளிர் மாத்திரம் நினைவில் நிற்கின்றது.

இவையெல்லாம் முப்பது ஆண்டுகளாக மறந்து கிடந்தவை. சென்ற ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிலே, எங்கள் பாடசாலையின் ஒன்பதாந் தர மாணவன் ஒருவன் இவற்றை எனக்கு நினைவூட்டினான்.

அவன் பெயரைச் சொல்வது முறையன்று. பதினான்கு வயதினன். முதலாந் தவணையின் நடுவிலேயே அவன் வரவு குறையத் தொடங்கிற்று. இரண்டாந் தவணையில் முற்றாக நின்றுவிட்டது. பதினாறு வயதுவரை பிள்ளைகள் கல்வி பெற வேண்டும் என்பது 2016 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் விதி. ஆகவே வழக்கம்போல அவன் வீட்டுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினேன், மறுமொழி இல்லை. இரண்டாவது கடிதம் அனுப்பினேன். அதில் நான் எழுதிய சொற்களை இப்பொழுது நினைத்தால் நாணமாக இருக்கின்றது. "பெற்றோரின் கவலையீனம்" என்று எழுதியிருந்தேன். கடிதம் எழுதுவதற்கு முன் கால்மணி நேரம் நடந்து அந்த வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அதிபரின் மேசையிலே காகிதம் மிகுதி. காகிதத்தாலேயே எல்லாம் ஆகிவிடும் என்ற நினைப்பும் மிகுதி.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும் வழியிலே அவ்வீட்டுக்குச் சென்றேன். கடலை அண்டிய ஒழுங்கையில் இரண்டு அறைகளைக் கொண்ட வீடு. அவனுடைய வாப்பா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சென்ற வாடைக் காலத்திலே கரை திரும்பும்போது அலை தோணியைக் கவிழ்த்து, தோணியின் விளிம்பு அவர் இடுப்பில் அடித்துவிட்டது. ஏழு மாதமாக எழுந்து நடக்க இயலாதிருக்கின்றார். என் கடிதங்கள் இரண்டும் குர்ஆன் வைக்கும் பலகைக்குக் கீழே பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவனுடைய உம்மா அவற்றை எடுத்துக் காட்டி, "பதில் எழுதத் தெரியல்ல சேர்" என்றார்.

"மகன் எங்கே?" என்று கேட்டேன்.

"ஆத்துக்குப் போயிருக்கான்."

எங்கள் பகுதியிலே வாவியை ஆறு என்று சொல்வதே வழக்கம். பொழுது சாயும் வேளையில் அவன் வந்தான். என்னைக் கண்டதும் கையிலிருந்த கோர்வை மீனைப் பின்னால் மறைத்தான். நான் ஏசுவேன் என்று எதிர்பார்த்தான். நானும் ஏசுவதற்கென்றே வந்தவன். ஆயினும், படுத்திருக்கும் தகப்பனின் முன்னிலையில் மகனை எப்படி ஏசுவது? வேறு சொல் கிடைக்காமையால், "நாளைக்கு நானும் வரலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவன் தன் வாப்பாவைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்ததும் கிட்டங்கிப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் பகுதியின் நிலத்தோற்றத்தை அறியாத நேயர்களுக்கு ஒரு சொல். கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயலும், இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலம். அந்நிலத்திலே பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என ஊர்கள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு வந்து, எங்கள் கல்முனைக்குப் பின்புறத்திலே முடிவடைகின்றது. கிட்டங்கியிலே அதனைக் கடந்து நாவிதன்வெளிக்குப் பாதை செல்கின்றது. மாரியில் அப்பாதைமேல் வெள்ளம் பாயும். ஆடியிலோ நீர் வற்றிக் கண்ணாடிபோற் கிடக்கும். பட்டப்பகலில் கச்சான் காற்று எழுந்து அனல் வீசுமுன்னர் உள்ள இரண்டு மூன்று மணி நேரமே அங்கு இனிய பொழுது. கரையிலே கண்ணா மரங்கள், நீரில் இறங்கி நிற்பவைபோல் நிழல் விழுத்தி நின்றன. ஒரு கொக்கு, மற்றொரு கொக்கு, ஒரு நீர்க்காகம்; வேறு அசைவில்லை. வால்ற்றன் கூறிய அமைதி இதுதானோ என்று அப்போது எண்ணினேன்.

பையன் ஒரு சிறு தோணியை அவிழ்த்தான். அது அவனுடைய மாமாவினது. என் பாரம் ஏறியதும் அது ஒரு பக்கம் சாய்ந்தது. "நடுவில இருங்க சேர், அசையாதீங்க" என்றான். அன்று எனக்குக் கிடைத்த முதலாவது கட்டளை அது. மாலைவரை இன்னும் பல கிடைத்தன.

தோணியிலே இரண்டு தூண்டில்கள் இருந்தன. ஒன்று பால்மா டின்னிற் சுற்றிய தங்கூசி; ஈயங் கட்டி, இறால் கோத்துக் கையாலேயே எறிவது. மற்றையது நீண்ட பிரம்பு. பிரம்பு பாடசாலையை விட்டு நீங்கிய காலம் இது; நெடுநாட்களின் பின்னர் ஒரு பிரம்பு என் கைக்கு வந்தது இப்படியாகத்தான். அதன் நுனியிலிருந்து தொங்கிய தங்கூசியின் முடிவைப் பார்த்தேன். இரையில்லை. தூண்டில் முள்ளின் கழுத்திலே வெள்ளைக் கோழியிறகு இரண்டு, சிவப்பு நூலால் இறுகக் கட்டப்பட்டிருந்தன.

"இது என்ன?"

"கொடுவாக்கு சேர். இறால் வாங்கக் காசு வேணும். இறகு சும்மா கிடைக்கும்."

சிவப்பு நூல் மருதமுனைத் தறியிலிருந்து வந்தது. சாரம் நெய்யும் வீட்டிலே கழித்துவிட்ட துண்டு நூலை அவன் கேட்டு வாங்கியிருக்கின்றான். உரோம நாட்டு எழுத்தாளர் ஏலியன் என்பவர், ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர், மக்கெதோனிய நாட்டார் ஓர் ஆற்றிலே மீன்பிடிக்கும் வகையை எழுதி வைத்திருக்கின்றார். முள்ளைச் சிவந்த கம்பளி நூலாற் சுற்றி, சேவலின் தாடியடியில் முளைக்கும் இறகு இரண்டைப் பொருத்துவார்களாம். இறகுத் தூண்டிலைப் பற்றிய மிகப் பழைய செய்திகளுள் அதுவும் ஒன்று. ஏலியனையோ வால்ற்றனையோ அறியாத ஒரு பையன், இறால் வாங்கக் காசில்லாமையால் அதே சிவப்பு நூலுக்கும் இரண்டு இறகுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றான். யார் காட்டித் தந்தது என்று கேட்டேன். ஒருவரும் இல்லையாம். கொடுவா மீன் நீர்மட்டத்திலே வெள்ளைக் குஞ்சுமீனைத் துரத்துவதைப் பார்த்தானாம், அவ்வளவே.

பார்த்து அறிவதுதான் விஞ்ஞானத்தின் முதற்படி என்று எத்தனை முறை வகுப்பிலே சொல்லியிருப்பேன்!

அவன் பிரம்பை வீசினான். தங்கூசி வளைந்து சென்று, கண்ணா வேரின் ஓரத்திலே இறகு ஓசையின்றி விழுந்தது. மெல்ல இழுத்தான், நிறுத்தினான், மீண்டும் இழுத்தான். இறகு நீருக்குள் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கிற்று. மூன்றாவது வீச்சிலே நீர் பிளந்தது. பிரம்பு வளைந்தது. அவன் எழுந்து நிற்கவில்லை, கூவவில்லை, மீன் ஓடும் பக்கமெல்லாம் பிரம்பைத் திருப்பிக்கொடுத்து, அது இளைத்த பின்னர் தோணியருகே கொணர்ந்து செவுளிலே விரலிட்டுத் தூக்கினான். இரண்டு கிலோவுக்குக் குறையாத கொடுவா. வெள்ளி நிறம், கண் சிவந்து ஒளிர்ந்தது.

அடுத்து எனக்கு. என் முதல் வீச்சு கண்ணா மரத்தில் மாட்டிற்று. இரண்டாவது என் சேர்ட்டின் முதுகில். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு முள்ளைக் கழற்றினான். "கையை இறுக்காதீங்க சேர். பிரம்பு தானாப் போகும்." பத்துப் பன்னிரண்டு வீச்சுக்குப் பின்னர் ஒன்று ஒழுங்காக விழுந்தது. அதைக் கண்டு நான் மகிழ்ந்திருந்த வேளையிலே ஒரு மீன் பற்றி இழுத்தது. பதறி, முழுப் பலத்தோடும் பிரம்பைத் தூக்கினேன். தங்கூசி அறுந்தது. இறகும் நூலும் முள்ளும் மீனோடு போயின. திருவள்ளுவர் சூதாடி வெல்பவனைத் தூண்டில் இரும்பை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டார். கையிலிருந்த தூண்டிலையும் மீனுக்குக் கொடுத்துவிட்டு இருப்பவனுக்கு அவர் உவமை சொல்லவில்லை. பையனின் முகத்தைப் பார்த்தேன். அந்த முள் அவனுக்கு விலைகொடுத்து வாங்கிய பொருள். அவன், "பரவாயில்ல சேர்" என்றான். பின்னர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

கொடுவாவைப் பற்றி நான் நூலிற் படித்திருந்ததைச் சொன்னேன். அம்மீன் முதலில் ஆணாக முதிர்ந்து, பல ஆண்டுகளின் பின்னர் பெண்ணாக மாறுகின்றது. முட்டையிட முகத்துவாரத்தின் உவர்நீரை நாடுகின்றது. குஞ்சுகள் வாவிக்குள் ஏறி வளர்கின்றன. அவன் கூர்ந்து கேட்டான். "அதுதான் கல்லாத்து வாய் வெட்டினாப் பிறகு சின்னக் கொடுவா நிறைய வரும்" என்றான். கல்லாற்றிலே வாவிக்கும் கடலுக்கும் இடையே உள்ள மணற்றிடலைப் பற்றி அவன் சொன்னான். பெரிய கொடுவா ஒவ்வொன்றும் பெண் என்பதனால் அவற்றையெல்லாம் பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று அவனே கேட்டான். வகுப்பிலே இவன் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. விஞ்ஞான ஆசிரியரைப் பின்னர் வினவினேன், அவருக்கும் நினைவில்லை.

வெயில் ஏறிற்று. இனிக் கொடுவா கொத்தாது என்று தங்கூசியை இறக்கினான். அப்பொழுது துடுப்பின் கைப்பிடியை என் காதோடு வைத்து, அதன் இலையை நீருக்குள் விட்டுக் கேட்கச் சொன்னான். கேட்டேன். எண்ணெயிலே அப்பளம் பொரிவதுபோல் இடையறாத நொடிப்பொலி! "இறால் சேர். ஒரு வகை இறால் நகத்தால நொடிக்கும்." உண்மைதான். அவ்விறால் நகத்தைச் சடுதியில் மூடும்போது தோன்றும் நீர்க்குமிழி உடைவதே அவ்வோசை என்று 2000 ஆம் ஆண்டிலே விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். இதே வாவியின் வடபகுதியிலே, 1848 ஆம் ஆண்டில், இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் இரவில் தோணியேறிச் சென்று, நீருக்கடியிலிருந்து எழும் இசையைக் கேட்டார். மீன் பாடுகின்றது என்று உலகம் சொல்லும். ஆனால் அவரைக் கூட்டிச் சென்ற மீனவர், அது ஊரியின் ஓசை என்றே அவரிடம் சொல்லியிருக்கின்றனர். அவரும் அதனை மதித்துத் தம் நூலிற் குறித்துள்ளார். துரைமார் எல்லோரும் மீனவர் சொல்லை அவ்வாறு மதித்தவரல்லர், அதிபர்மாரும் அப்படியே.

பகற்பொழுதில் அகப்பட்டவை பெரும்பாலும் திலாப்பியா. 1952 ஆம் ஆண்டிலே இந்நாட்டுக்குக் கொணரப்பட்ட ஆபிரிக்க மீன் இது. ட்ரவுட்டைத் துரைமார் தம் களிப்புக்காகக் கொணர்ந்தனர். திலாப்பியாவோ ஏழைகளின் உணவுக்காக வந்தது. சேனாநாயக்க சமுத்திரம் முதலாகக் குளமெங்கும் அது பரந்துவிட்டது. அவற்றுள் ஒன்றைத் தோணியில் எடுத்ததும் அதன் வாயிலிருந்து மணிமணியாகக் குஞ்சுகள் சிந்தின. தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலே வைத்துக் காக்கும் இனம் அது. அக்காலத்திலே தான் உண்பதும் அரிது. பையன் இரண்டு கையாலும் நீரை அள்ளி, குஞ்சுகளோடு அதனை வாவியில் விட்டான். அந்த மீன் அரைக் கிலோ இருக்கும்.

லுஹருத் தொழுகைக்குப் பின்னர் நிழலில் இருந்து, அவனுடைய உம்மா கட்டித் தந்த பிட்டும் பொரித்த மீனும் உண்டோம். அப்போதுதான் கடலைப் பற்றிக் கேட்டேன். வாப்பாவோடு கடலுக்குப் போனதுண்டா என்றேன். இல்லையாம், உம்மா விடுவதில்லையாம். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், ஞாயிறு காலை, கடல் எங்கள் ஊர்களுக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிரை இழக்கவில்லை. அன்று அவ்வும்மாவின் தாயும் இரு தம்பிமாரும் போயினர். இப்பையன் அதன்பின் பிறந்தவன். "வாப்பாக்கு நடக்க ஏலாமப் போனா நான் கடலுக்குப் போகணும் சேர். இப்ப ஆறு போதும்" என்று, கணக்குச் சொல்வதுபோற் சொன்னான். வீட்டிலே அவனுக்கு இளையவர்கள் இருவர். இருவரும் ஒருநாளும் தவறாமல் பாடசாலைக்கு வருகின்றனர். அவர்களுடைய அப்பியாசப் புத்தகங்களை வாங்கியது இந்தத் தூண்டில்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மாலையிலே கிட்டங்கிப் பாதையோரத்தில் அவன் மீனை விற்றான். கொடுவாவை ஒரு வியாபாரி குறைந்த விலைக்குக் கேட்டார்; அவன் கொடுக்கவில்லை. பொறுத்திருந்து அடுத்து வந்தவருக்குக் கொடுத்தான். எனக்கென்று நான்கு திலாப்பியாவைப் பனையோலைப் பையில் இட்டு நீட்டினான். காசு கொடுத்தேன், வாங்க மறுத்தான். "அறுந்த முள்ளுக்கு" என்றேன். முள்ளின் விலையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மிகுதியைத் திருப்பித் தந்தான்.

அதன் பிறகே, நாள் முழுதும் என் வாயில் நின்ற கேள்வியைக் கேட்டேன். பாடசாலைக்கு வர விருப்பமா?

"விருப்பம் சேர். விடியக் கொடுவா கொத்துற நேரம் மட்டும் ஏலாது."

விடியற்காலை ஐந்தரை தொடக்கம் எட்டரை வரை. எங்கள் பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகின்றது. இரண்டு பாடவேளை. அந்த இரண்டு பாடவேளைக்காகத்தான் நான் இரண்டு கடிதம் எழுதியிருக்கின்றேன்; அவன் ஐந்து மாதத்தை இழந்திருக்கின்றான். பிந்தி வந்தால் வாசலிலே நிறுத்தித் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கள் பாடசாலையில் இருந்தது. அதை ஏற்படுத்தியவன் நானே.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவன் வந்தான்; காற்சட்டையின் கீழ்ப்பகுதி நனைந்திருந்தது. வாயிற்காவலருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். பிரதி அதிபர் இதனை விரும்பவில்லை. ஒருவனுக்கு இடங்கொடுத்தால் நாளை இருபது பேர் ஈரக் காற்சட்டையோடு வருவார்கள் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அன்றிலிருந்து இன்றுவரை மேலும் இருவர் வந்திருக்கின்றனர். அவர்கள் வீட்டுக்கு நான் கடிதம் அனுப்பவில்லை, நடந்தே போனேன். ஒருவன் உண்மையாகவே நித்திரை விழிக்காதவன். அவனை ஏழரைக்கு வரச் செய்திருக்கின்றேன்.

பையனின் வாப்பா இப்போது சுவரில் சாய்ந்திருந்து வலை பின்னுகின்றார். தோணியேற இன்னுங் காலஞ் செல்லும் என்று வைத்தியர் கூறியிருக்கின்றார். கணிதம் முதலாம் பாடவேளையில் வருவதால் பையன் அப்பாடத்திலேதான் பின்தங்கியிருக்கின்றான். செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்ட பின்னர் கணித ஆசிரியை ஒருவர் முக்கால் மணி நேரம் அவனோடு இருக்கின்றார். மூன்றாந் தவணைப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து கிழமைகள் உள்ளன.